நடக்கவும் நிற்கவும்

ஆகஸ்டு மாதத்தின் கடைசி நாள்களில் திருச்சியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பார்கள். காவி உடையும் கழுத்தில் செபமாலையுமாக மக்கள் சாரை சாரையாகக் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம். சாலையோரத்தில் நின்று அவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்கும் பேறு கைலாசபுரத்தில் வாழும் எங்களுக்கு ஆண்டுதோறும் வாய்க்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. மாலை அணிந்த நாள்முதல் மதுவைத் தொடாமல் நடந்து செல்லும் குடிநோயாளிகள் அதில் உண்டு. ஆண்டு முழுவதும் மனைவி அழுதும், பிள்ளைகள் கெஞ்சியும், பங்குத்தந்தை அறிவுரை கூறியும் ஒரு நாள்கூடக் குடிக்காமல் இருக்க முடியாதவர், அந்தச் சில வாரங்கள் முழுமையாக விட்டுவிடுகிறார். திருவிழா முடிகிறது. வீடு திரும்புகிறார். மாலையைக் கழற்றுகிறார். அன்று மாலையே மீண்டும் குடிக்கிறார்.

நடந்தபோது முடிந்தது, வீடு திரும்பியதும் ஏன் முடியாமற் போகிறது? நடையில் ஏதேனும் மருந்து இருக்கிறதா? இருந்தால் அந்த மருந்து ஏன் அத்தனை விரைவில் தீர்ந்துவிடுகிறது? கைலாசபுரத்தில் நான் அறிந்த இருவரின் வாழ்க்கை இந்தக் கேள்விகளை என்னுள் எழுப்பிற்று. இருவரின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதுவதற்கு இருவரும் இசைந்தார்கள் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஏழு முறை நடந்தவர்

முதலாமவர் கொதிகலன் ஆலையில் பற்றவைப்புப் பணி செய்து ஓய்வுபெற்றவர். கை நேர்த்திக்குப் பெயர் பெற்றவர். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வேளாங்கண்ணிக்கு நடந்தார். ஏழு முறையும் திரும்பி வந்து குடித்தார். எட்டாம் ஆண்டு நடக்கவில்லை. மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையில் கிடந்தார். மதுவைத் திடீரென நிறுத்தியதால் உடல் நடுங்கிற்று; இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றின. அங்கே மருத்துவரின் பாதுகாப்பில் சில நாள்கள் கழிந்தபின்தான் அவருடைய மீட்பு தொடங்கிற்று. நெடுநாள் குடித்தவர் வீட்டிலிருந்தபடியே திடுமென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். அந்த நாள்களில் வேண்டியது மருத்துவமே, நடையன்று.

மருத்துவமனையிலிருந்து வந்தவர் குடிநோயாளிகளின் ஏ.ஏ. கூட்டத்திற்குப் போகத் தொடங்கினார். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடியில் வீழ்ந்தவர்கள், ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளத் தொடங்கிய இயக்கம் அது. அந்தக் கூட்டத்தில் அறிமுகமான ஒருவர் இவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் எது?” “சாயந்திரம் ஆறு மணி” என்றார் இவர். “அப்ப ஆறு மணிக்கு நான் உங்க வீட்டு வாசல்ல நிப்பேன். ரெண்டு பேரும் நடப்போம்” என்றார் அவர். அப்படியே செய்தார். மரங்கள் அடர்ந்த எங்கள் குடியிருப்புச் சாலைகளில் அந்த இருவரும் மாலைதோறும் நடந்ததை நாங்கள் பல ஆண்டுகள் பார்த்தோம். ஏன் நடக்கிறார்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது.

ஒருநாள் நான் அவரிடம் கேட்டேன். “வேளாங்கண்ணிக்கு நடந்தப்போ விடாத குடியை இந்தத் தெருவைச் சுத்தி நடந்தா விட்டீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே தம் தொழிலிலிருந்து பதில் சொன்னார். “சார், கனமான குழாயில வெல்டிங் முடிஞ்சதும் பார்த்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். ஆனா உள்ளே இறுக்கம் நிக்கும். அதை மறுபடி பதமாச் சூடாக்கி, மெதுவா ஆற விடணும். அவசரப்பட்டா என்னைக்காவது ஒருநாள் விரிசல் விடும். நான் வருஷத்துக்கு ஒரு தடவை சூடானேன், உடனே ஆறிப்போனேன். இப்ப தினம் கொஞ்சம்.”

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? வேளாங்கண்ணிப் பயணத்தில் அவருக்குக் கிடைத்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். அதிகாலையில் எழுதல், உடல் களைக்க நடத்தல், நேரத்திற்கு எளிய உணவு, ஆழ்ந்த உறக்கம், கூடவே நடக்கும் தோழர்கள், ‘சாமி’ என்று மதித்து அழைத்துத் தண்ணீர் கொடுக்கும் அயலார். இவையனைத்தும் சேர்ந்தே அவரைத் தாங்கின. திரும்பி வந்தபோது அவையனைத்தும் ஒரே நாளில் மறைந்துபோயின. அதே ஆறு மணி, அதே தெரு முனை, அதே பழைய நண்பர்கள், ‘குடிகாரன்’ என்ற அதே பெயர் ஆகியவை மட்டுமே காத்திருந்தன. நேர்த்திக்கடன் பொய்யன்று. அது வீட்டிற்கு வந்து சேரவில்லை என்பதே குறை.

டப்ளின் நகரத் தொழிலாளி மாட் டால்பட்டின் வாழ்வும் இதையே சொல்கிறது. 1856-இல் பிறந்த அவர் பன்னிரண்டு வயதில் மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே குடிக்கவும் கற்றார். இருபத்தெட்டாம் வயதில், 1884-இல், மதுவிலக்கு வாக்குறுதி எடுத்தார். வாழ்நாள் முழுமைக்கும் என்று எடுத்த எடுப்பிலேயே அவர் வாக்களிக்கவில்லை. முதலில் மூன்று மாதம், பிறகு ஆறு மாதம், அதன் பிறகே வாழ்நாள். வேலை முடிந்த மாலை நேரமே அவருக்கும் கொடிய நேரமாக இருந்தது. மதுக்கடை நண்பர்களைத் தவிர்க்க அவர் தெருக்களில் நடந்தார். கால் ஓய்ந்தபோது ஏதேனும் ஓர் ஆலயத்தினுள் நுழைந்து அமர்ந்தார். 1925 ஜூன் 7-ஆம் நாள் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். 1975-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

மருத்துவ ஆய்வுகளும் இங்கே ஓரளவு துணைநிற்கின்றன. சில நிமிட விரைவு நடைகூடப் புகைக்கும் வேட்கையைச் சிறிது நேரத்திற்குத் தணிக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. போதைப்பொருளின் மீதான வேட்கை அலை போன்றது. எழும், உச்சத்தை எட்டும், தணியும். அந்த அலை தணியும்வரை கால்களுக்கு ஒரு வேலை இருந்தால் கை புட்டியை நோக்கி நீளாது. உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது, உறக்கத்தைச் சீராக்குகிறது. ஆயினும் உடற்பயிற்சி தனியே நின்று குடியை நிறுத்திவிடும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. அது மீட்பின் துணை, மீட்பே அன்று.

நாங்கள் பாராட்டிய பிள்ளை

இதுவரை சொன்னதோடு இக்கட்டுரையை முடித்திருந்தால், ‘ஆகவே அனைவரும் நடப்போம்’ என்று எளிதாக எழுதிவிடலாம். இரண்டாமவரின் வாழ்க்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அவள் எங்கள் தெருவில் வளர்ந்த பெண். அப்போது கல்லூரி மாணவி. யாரோ தன் உருவத்தைக் குறித்துச் சொன்ன ஒரு கேலிச்சொல் அவள் மனத்தில் தைத்துவிட்டது. காலையில் நடக்கத் தொடங்கினாள். பிறகு மாலையிலும் நடந்தாள். தவக்காலம் வந்தது. ஒரு சந்தி இருந்தாள். இரவு உணவையும் விட்டாள். நாங்கள் வியந்தோம். அவள் தாயிடம் நானே சொன்னேன்: “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையைப் பார்க்க முடியுமாம்மா? எவ்வளவு கட்டுப்பாடு!” அவள் முகம் வாடிக்கொண்டே போனதை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அதைத் தவம் என்றே எண்ணியிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின்போது அவள் மயங்கி விழுந்தாள். இதயத் துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. மருத்துவர் முதலில் விதித்த தடை உணவைப் பற்றியதன்று; நடையைப் பற்றியது. “இப்ப நீ நடக்கக் கூடாதும்மா” என்றார். அதைக் கேட்டு அவள் அழுத அழுகை, மதுப்புட்டியைப் பிடுங்கியபோது குடிநோயாளி அழும் அழுகையைப் போலவே இருந்தது என்று அவள் தாய் பின்னர் என்னிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் நோன்பு என்று போற்றியது ஒரு நோய்.

1873-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் இந்நோய்க்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயரிட்டார். பசிமறுப்பு நோய் என்று தமிழில் சொல்லலாம். எலும்பும் தோலுமாக இருந்த நோயாளிகள் ஓய்வின்றி இயங்கிக்கொண்டே இருந்ததை அவர் அன்றே வியப்புடன் குறித்துவைத்தார். மெலிந்த உடல் ஓய்வை நாடவேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். இந்நோயில் நடப்பது வேறு. ஓயாத உடற்பயிற்சியே நோயின் ஒரு கூறாகிவிடுகிறது. உண்ட ஒவ்வொரு கவளத்திற்கும் நடந்து ‘கணக்குத் தீர்க்க’ வேண்டும் என்று உள்ளிருந்து ஒரு குரல் ஆணையிடுகிறது. ஒரு நாள் நடக்கவில்லையென்றால் குற்றவுணர்வு வதைக்கிறது.

அப்படியானால் இத்தகையோருக்கு உடற்பயிற்சி என்றென்றும் நஞ்சுதானா? அதுவும் இல்லை. 2002-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அளவின்றி உண்டு பின் வலிந்து வாந்தியெடுக்கும் புலிமியா நோயுள்ள பெண்களுக்கு, வழிகாட்டுதலுடன் கூடிய உடற்பயிற்சி நல்ல பயன் தந்ததை அவர்கள் கண்டார்கள். பசிமறுப்பு நோயிலும், போதிய உணவு உட்கொள்ளத் தொடங்கியபின், மருத்துவர் கண்காணிப்பில் மெல்லிய பயிற்சியை அனுமதிக்கும் மருத்துவமனைகள் உண்டு. எங்கள் தெருப் பெண்ணுக்கும் பல மாதங்களுக்குப் பின் அனுமதி கிடைத்தது, மூன்று நிபந்தனைகளோடு: உண்ட பிறகே நடக்கவேண்டும், தனியாக நடக்கக்கூடாது, வாரத்தில் சில நாள் நடக்கவே கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் மிகக் கடினமாக இருந்தது என்று அவள் பின்னர் சொன்னாள்.

நிறுத்த முடியாமை

இப்போது இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒருவருக்கு நடை மருந்தாயிற்று. மற்றவருக்கு அதே சாலையில், அதே மரங்களின் நிழலில், நடை விலங்காயிற்று. வேறுபாடு கால்களில் இல்லை. ‘இதை என்னால் நிறுத்த முடியுமா?’ என்ற கேள்விக்கான விடையில் இருக்கிறது.

குடிநோயாளியின் துன்பம் அவர் குடிப்பது மட்டுமன்று. நிறுத்த விரும்பியும் நிறுத்த முடியாதிருப்பது. அந்தப் பெண்ணின் துன்பம் அவள் நடந்தது மட்டுமன்று, நிற்க முடியாதிருந்தது. உலகம் முன்னதைப் பழிக்கிறது, பின்னதைப் புகழ்கிறது. ஆனால் அடிமைத்தனம் ஒன்றே. பழிக்கப்படும் அடிமைத்தனத்தைவிடப் பாராட்டப்படும் அடிமைத்தனம் ஒருவகையில் கொடியது. அதிலிருந்து மீட்க யாரும் வருவதில்லை.

இங்கேதான் விவிலியம் நமக்கு ஒளி தருகிறது. ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கக் கட்டளையிடும் இணைச்சட்ட நூல், அதற்கு ஒரு காரணத்தையும் கூறுகிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை இஸ்ரயேலர் நினைவுகூர வேண்டும் என்பதே அது. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. ஓய முடிந்தவனே விடுதலை பெற்றவன். ஓய்வுநாள் சோம்பலுக்கான சலுகை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது நம் விடுதலையை வாரந்தோறும் சோதித்துப் பார்க்கும் நாள். உழைப்பாயினும், உடற்பயிற்சியாயினும், நோன்பேயாயினும், ஒரு நாள் நிறுத்தினால் உலகமே இடிந்துவிடும் என்று தோன்றினால் நாம் இன்னும் எகிப்தில்தான் இருக்கிறோம்.

அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் வரும் எலியாவை நினைத்துக்கொள்வோம். ஈசபேலுக்கு அஞ்சி ஓடிய அவர், பாலைநிலத்தில் சூரைச்செடியின் அடியில் சாவை வேண்டிப் படுத்துவிட்டார். தூதர் வந்து அவரைத் தட்டி எழுப்பினார். எழுப்பியவர் ‘நட’ என்று கட்டளையிடவில்லை. ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று கடிந்துகொள்ளவுமில்லை. தணலில் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்தார். உண்டு மீண்டும் உறங்கிய எலியாவை இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். முதலில் உணவு, உறக்கம், பரிவு, பிறகே நடை. மனம் உடைந்தவரை இறைவன் நடத்திச்செல்லும் வரிசை அது. நாம் அவ்வரிசையைப் புரட்டிவிடுகிறோம்.

உடலைப் பற்றிய நம் எண்ணத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடலை ஆன்மாவின் பகைவனாக எண்ணி ஒறுப்பதே அறம் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. உடல் தூய ஆவியின் கோவில் என்று கற்பித்த பவுலடியாரே, ஓட்டப்பந்தய வீரரைப் போல அதை அடக்கிப் பயிற்றுவிப்பதாகவும் கூறுகிறார். இரண்டும் முரணல்ல. கோவிலை இடிப்பவர் அதைத் தூய்மைப்படுத்துபவர் ஆகார். உடலைக் கழுதையென்று அழைத்துக் கடுமையாக நடத்திய அசிசியாரே தம் இறுதிக் காலத்தில் அந்தச் ‘சகோதர உடலிடம்’ மன்னிப்பு வேண்டினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தாம், அதனுள் இறைவன் குடியிருக்கக் கண்டபின் அதைப் பேணலானதாகத் திருமூலரும் பாடியுள்ளார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இருபுறமும் எச்சரிக்கிறது. உடல்நலம் இறைவன் தந்த கொடை, அதை அறிவோடு பேணவேண்டும் என்கிறது. உடலையே தெய்வமாக்கி வழிபடும் போக்கையும் மறுக்கிறது. உணவிலும் மதுவிலும் புகையிலையிலும் அளவு மீறலாகாது என்றும் கூறுகிறது.

அளவு என்பதே தமிழ் மரபும் வலியுறுத்தும் அறம். திருக்குறளில் கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாம் அதிகாரம். மருந்து தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். மருந்தைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர் அளவறிந்து உண்பதையே மருந்தாகச் சொல்கிறார். அளவு என்பது குறைத்துக்கொண்டே போவதன்று. போதுமானதை ஏற்பதும் அளவுதான்.

உடன் நடத்தல்

இறைமக்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன? குடியை நோயென்று அமெரிக்க மருத்துவக் கழகம் 1956-இலேயே ஏற்றுக்கொண்டது. நாமோ இன்னும் குடிநோயாளியைக் கண்டால் அறிவுரை சொல்கிறோம். மெலிந்துபோகும் பெண்ணைக் கண்டால் பாராட்டுகிறோம். இரண்டும் தவறு என்பதை நான் பட்டுத்தான் கற்றேன். அறிவுரைக்குப் பதில் ஆறு மணிக்கு வாசலில் நிற்கலாம். பாராட்டுக்குப் பதில் “சாப்பிட்டாயாம்மா?” என்று கேட்டு, கூடவே அமர்ந்து உண்ணலாம். வேளாங்கண்ணியிலிருந்து திரும்பி வருபவரை அன்று மாலையே பங்கில் இருவர் தேடிச் சென்று, “வாங்க, நடப்போம்” என்று அழைக்கலாம். தண்ணீர்ப் பந்தல் போகும் வழியில் மட்டும் போதாது. திரும்பும் வழியிலும் வேண்டும்.

எம்மாவுக்குப் போன இருவரும் நம்பிக்கை இழந்துதான் நடந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை, உடன் நடந்தார். ஆனால் அவர்கள் அவரைக் கண்டுகொண்டது நடையில் அன்று. நடையை நிறுத்தி, பந்தியில் அமர்ந்து, அப்பம் பிட்கப்பட்டபோதுதான்.

என் நண்பர் இன்றும் மாலையில் நடக்கிறார். முதலில் அவர் வாசலில் வந்து நின்றவர் இப்போது உலகில் இல்லை. இவர் இப்போது வேறொருவர் வாசலில் போய் நிற்கிறார். அந்தப் பெண்ணைப் பற்றி, முற்றும் நலமடைந்துவிட்டாள் என்று எழுத ஆசைப்படுகிறேன். அவளே அப்படி எழுதவேண்டாம் என்றாள். நல்ல நாள்களும் கெட்ட நாள்களும் மாறி மாறி வருகின்றனவாம். சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து, ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் அவள் தன் தாயோடு அமர்ந்து இட்லி உண்டுகொண்டிருந்தாள். “இன்னைக்கு நடக்கப் போகலையா?” என்று பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, மாமா” என்றாள்.